‘எங்களைப் பற்றி’: வெல்னஸ் பக்கங்களில் காணாமல் போன வைத்தியர்கள்

ஏதாவது ஒரு வெல்னஸ் மையத்தின் இணையதளத்தைத் திறந்து ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தைப் படித்துப் பாருங்கள். யோகா, ஆயுர்வேதம், சித்தம், இயற்கை மருத்துவம், பேறுகாலப் பராமரிப்பு, எண்ணெய் மசாஜ் என்று எதுவாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும். முதலில் ரிஷிகள். அடுத்து ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம். பிறகு நிறுவனர், அவர் ஐடி வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு மலையடிவாரத்தில் தன்னைக் கண்டடைந்தவர். கடைசியில் கட்டண விவரம்.

இந்த வரிசையில் ரிஷிக்கும் நிறுவனருக்கும் நடுவே ஐயாயிரம் ஆண்டுப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அந்த ஐயாயிரம் ஆண்டும் பச்சிலை அரைத்தது யார்? கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தது யார்? நள்ளிரவில் பிள்ளையைக் கையில் ஏந்தித் தொப்புள்கொடி அறுத்தது யார்? பக்கத்தில் பதில் இருக்காது. ரிஷி தியானத்தில் கண்டார், நிறுவனர் மீட்டெடுத்தார். அவ்வளவுதான் கதை.

‘எங்களைப் பற்றி’ என்பது வெறும் விளம்பரம் என்று நினைத்து நாம் கடந்து போகிறோம். உண்மையில் அது ஒரு குட்டி வரலாற்றுக் கட்டுரை. நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், யாரிடம் கற்றோம் என்று மூன்று கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. சாதிச் சமூகத்தில் இந்த மூன்றுமே சூடான கேள்விகள். நம் பாடப்புத்தகத்தில் வரலாற்றைத் திரித்தால் போராடுகிறோம். பாடப்புத்தகத்தை விட அதிகம் பேர் கைப்பேசியில் படிக்கிற இந்தப் பக்கங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

வேதம் வைத்தியரை எங்கே வைத்தது?

முதலில் ‘வேதகால ரிஷிகளின் மருத்துவம்’ என்ற உரிமைகோரல். ‘வெல்னஸ்’ என்ற சொல் இன்றைய பொருளில் பரவியதற்கு ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1961இல் வெளியிட்ட ஒரு புத்தகம் முக்கியக் காரணம். அது அறுபது சொச்சம் ஆண்டுக் கதை. அதை விடுங்கள். மருத்துவத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது?

யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய சங்கிதையில் ஒரு கதை வருகிறது. யாகத்தின் தலை அறுந்து போகிறது. அதை ஒட்டவைக்க, தேவர்களின் வைத்தியர்களான அசுவினி தேவர்களை அழைக்கிறார்கள். வேலையைச் செய்ய அவர்கள் யாகத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு கேட்கிறார்கள். மற்ற தேவர்கள் தயங்குகிறார்கள். காரணம், இவர்கள் மனிதர்களுக்கு நடுவே திரிகிற வைத்தியர்கள், ஆகவே அசுத்தமானவர்கள். சுத்திகரித்த பிறகுதான் பங்கு கிடைக்கிறது. பிராமணன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்ற முடிவோடு அந்தப் பகுதி போகிறது.

மனுஸ்மிருதி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சிராத்த விருந்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலில் வைத்தியரை வைக்கிறது. வைத்தியர் கொடுக்கும் உணவை உண்ணக் கூடாது என்கிறது. அந்த உணவைச் சீழுக்கு ஒப்பிடுகிறது. மருத்துவத் தொழிலை ‘அம்பஷ்டர்’ என்ற கலப்புச் சாதிக்கு ஒதுக்குகிறது. ரத்தம், சீழ், மலம், பிணம் ஆகியவற்றைத் தொடாமல் மருத்துவம் இல்லை. இவற்றைத் தொட்டால் தீட்டு என்ற சமூகத்தில் மருத்துவருக்கு என்ன இடம் கிடைக்கும்? இதுதான் கிடைத்தது.

சரக சங்கிதை, சுசுருத சங்கிதை ஆகிய பெரிய மருத்துவ நூல்கள் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் உருப்பெற்றவை என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. அவற்றிலும் சாதி உண்டு. மாணவராகச் சேரத் தகுதி உள்ளவர்கள் மேல் மூன்று வருணத்தார் என்று சொல்லும் சுசுருதம், மந்திரம் இல்லாமல் சூத்திரருக்கும் கற்பிக்கலாம் என்று சிலர் கருதுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி சேர்க்கிறது. அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அதே நூல்கள் நேர்மையான சில உண்மைகளையும் சொல்லிவிடுகின்றன. ஆடு மேய்ப்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள், காட்டில் வாழ்பவர்கள் ஆகியோருக்குத்தான் செடிகளின் பெயரும் உருவமும் தெரியும் என்கிறது சரகம். பெயர் தெரிந்தால் போதாது, பயன்படுத்தும் முறையும் தெரிய வேண்டும் என்று தொடர்ந்து சொன்னாலும், செடியை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை. மருந்தாகும் இறைச்சிகளின் வரிசையில் மாட்டிறைச்சியையும் சேர்த்து, எந்தெந்த நோய்க்கு ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறது. ‘சாத்வீக உணவே எங்கள் பாரம்பரியம்’ என்று எழுதும் ஆயுர்வேத மையங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளியிட்ட ‘சயின்ஸ் அண்ட் சொசைட்டி இன் ஏன்ஷியன்ட் இந்தியா’ என்ற நூலில் இந்த முரண்பாட்டைத்தான் விரிவாக எடுத்துக்காட்டினார். கண்ணால் பார், கையால் தொடு, காரணம் தேடு என்பது மருத்துவரின் வழி. தொடாதே, கேள்வி கேட்காதே என்பது தர்ம சாத்திரத்தின் வழி. இரண்டும் மோதின என்பது அவருடைய வாதம். சமூகவியல், வரலாறு படிக்கும் மாணவர்கள் அந்த நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆக, எந்த அதிகார வரிசை வைத்தியரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதோ, அதன் வாரிசுகளாகத் தங்களைக் காட்டிக்கொண்டு இன்று வைத்தியம் விற்கிறார்கள்.

சாதிப் பட்டியலுக்குள் இருக்கும் மருத்துவர்

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வரி இருக்கிறது: மருத்துவர், நாவிதர், மங்கலா. அதே வரியில் இன்னும் சில பெயர்கள் போய், கடைசியில் ‘பிராணோபகாரி’ என்று முடிகிறது. உயிருக்கு உதவி செய்பவர் என்று பொருள். முடிவெட்டுபவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்களின் பெயர், அரசு ஆவணத்தில் ‘மருத்துவர்’.

இது தற்செயலாக வந்த பெயர் கிடையாது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் ‘அம்பட்டன்’ என்ற தலைப்பின் கீழ், இவர்கள் முடிதிருத்துவதோடு வைத்தியமும் அறுவை சிகிச்சையும் செய்தவர்கள், பெண்கள் பிரசவம் பார்த்தவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. மனு சொன்ன அந்த ‘அம்பஷ்ட’ என்ற சொல்லோடு இந்தச் சாதிப் பெயரைத் தொடர்புபடுத்தும் விளக்கமும் அங்கே உண்டு. தென் மாவட்டங்களிலும் ஈழத்திலும் வைத்தியரைக் குறிக்கும் ‘பரியாரி’ என்ற சொல் ‘பரிகாரி’ என்பதிலிருந்து வந்தது. நோய்க்குப் பரிகாரம் செய்பவர் அவர்.

மருத்துவச்சிகளும் அப்படித்தான். பல ஊர்களில் நாவிதர் வீட்டுப் பெண்களும், பல ஊர்களில் சேரிப் பெண்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்ற நாளில் ஊர்த்தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத பெண்ணை, வலி எடுத்த இரவில் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டுத்தான் அந்த வீட்டு வாரிசு வெளியே வரும். அவள் போன பிறகு வீட்டைக் கழுவுவார்கள். கூலி நெல்லாகவோ பழைய சேலையாகவோ கிடைக்கும். இன்று அதே வேலைக்கு ‘பேறுகாலப் பராமரிப்புத் திட்டம்’ என்று பெயர். எண்ணெய் தேய்த்தல், வேது பிடித்தல், வயிற்றுக்கட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் மட்டும் அந்தப் பெண் இல்லை.

பெயர் எழுதப்படாத அறுவை மருத்துவர்

அழித்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. இந்தியாதான் பிளாஸ்டிக் சர்ஜரியின் தாயகம் என்று பெருமையாக எழுதுவார்கள். சுசுருதர் படத்தையும் போடுவார்கள். மூக்கைச் சீரமைக்கும் முறை சுசுருத சங்கிதையில் இருப்பது உண்மை. ஆனால் ஐரோப்பா அதைப் பழைய சுவடியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. சுமார் ஓராண்டு கழித்து புனேயில் ஒருவர் கவாஸ்ஜியின் நெற்றித் தோலை எடுத்துப் புதிய மூக்கு வைத்தார். பம்பாயைச் சேர்ந்த இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் அதைப் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் பின்பற்றி 1814இல் ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் அறுவை செய்து, 1816இல் புத்தகமாக எழுதினார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இந்த நிகழ்ச்சி இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் நோயாளியின் பெயர் உண்டு. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேய மருத்துவர்களின் பெயர் உண்டு. அறுவை செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று குறித்ததோடு விட்டுவிட்டார்கள். கத்தி பிடித்த கைக்குச் சாதி இருந்தது, பெயர் இல்லை. பிறகு அந்தப் பெருமை முழுவதும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரிஷியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

1675: தன்னைப் பற்றித் தானே எழுதியவர்

இதற்கு நேர் எதிரான ஒரு சான்று கேரளத்தில் இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீட், மலபாரின் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலைத் தொகுத்தார். ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் உள்ளன. அந்த அறிவைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணிப் பிராமணர்கள் மூவரும் பங்களித்தார்கள்.

நால்வருடைய சான்றுகளும் நூலின் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. 1675 ஏப்ரலில் இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்று நம் கவனத்துக்கு உரியது. அதில் அவர் முதலில் தன் ஊரையும் வீட்டையும் சொல்கிறார்: சேர்த்தலைப் பக்கம் கரப்புறம், கொல்லாட்டு வீடு. தன் சாதியைச் சொல்கிறார். பரம்பரை வைத்தியர் என்று சொல்கிறார். ஆளுநரின் ஆணைப்படி கொச்சிக்கு வந்து, மரம் செடி கொடிகளையும் அவற்றின் மருத்துவக் குணங்களையும் தான் எடுத்துச் சொன்னதாகப் பதிவு செய்து கையெழுத்திடுகிறார்.

ரிஷி இல்லை, ஐயாயிரம் ஆண்டு இல்லை, தெய்வ அருள் இல்லை. நான் யார், எந்த ஊர், எனக்கு என்ன தெரியும், இந்த வேலையில் என் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறது. ‘எங்களைப் பற்றி’ எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால், மூன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய இந்தச் சான்றைத்தான் நான் காட்டுவேன். பிற்காலத் தாவரவியலாளர்கள் ஒரு செடிப் பேரினத்துக்கு ‘அச்சுதேமியா’ என்று இவருடைய பெயரை வைத்தார்கள். பெயரை எழுதி வைத்ததால்தான் அது நடந்தது.

ஈழவர்கள் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அன்று அவர்கள் மீதும் தீண்டாமை இருந்தது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல்தான். மருத்துவ அறிவு இருந்த அந்தச் சமூகத்தின் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது என்ன நடந்தது? 1863இல் பிறந்த பல்பு தேர்வில் தேறியும் ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் மறுக்கப்பட்டார். சென்னைக்கு வந்து படித்து டாக்டர் ஆனார். திரும்பிப் போனபோது வேலையும் மறுக்கப்பட்டது. மைசூர் அரசில்தான் வேலை கிடைத்தது. ஹோர்டுஸ் மலபாரிகுஸ் அச்சாகி இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

பண்டிதரின் மருந்துப் பெட்டி

தமிழ் நிலத்தில் நமக்கு அயோத்திதாசர் இருக்கிறார். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அவரை, 1891இல் திராவிட மகாஜன சபை, 1898இல் சாக்கிய பௌத்த சங்கம், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று நாம் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் சித்த வைத்தியர். ராயப்பேட்டையில் நோயாளிகளைப் பார்த்தார். சிறு வயதில் முடக்கு நோயால் அவதிப்பட்ட திரு.வி.க.வைக் குணப்படுத்தியவர் அயோத்திதாசர்தான். இதைத் திரு.வி.க. தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர், சாதி பார்க்கும் நகரத்தில் அடுத்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்து மருந்து கொடுத்தார். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற தேய்ப்பு முறை உண்டு, ஒத்தடம் உண்டு, கட்டுப் போடுதல் உண்டு. எல்லாமே தொட்டுச் செய்பவை. சென்னையில் எத்தனையோ சித்த வைத்திய மையங்கள் இன்று அகத்தியர் படத்தைப் போட்டுத் தொடங்குகின்றன. அகத்தியருக்கு ஒரு மூலை இருக்கட்டும். இதே நகரத்தில் வாழ்ந்து, இதே வைத்தியத்தைப் பார்த்து, ஊரும் தேதியும் சான்றும் உள்ள ஒரு பண்டிதரின் படம் ஏன் எங்கும் இல்லை?

அகத்தியர் பெயரில் உள்ள மலையிலேயே இன்னொரு கதை. 1987இல் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணி பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற ஊக்க மருந்து உருவானது. 1990களின் நடுவில் அதைத் தயாரிக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தபோது உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் பங்கு 2 சதவீதம். அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. குறைகள் பல இருந்தாலும் உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. அறிவு யாருடையது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி பணத்தைப் பற்றி வரும். ரிஷிக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை, காணிக்குக் கொடுக்க வேண்டும். ‘எங்களைப் பற்றி’ பக்கங்கள் ரிஷியைத் தேர்ந்தெடுப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

சான்றிதழ் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டில் இந்த அழித்தல் சட்ட வடிவமும் பெற்றது. சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் உள்நாட்டு மருத்துவம் பற்றி ஒரு குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் பாடமாயின. ஏடும் எழுத்தும் கைவசம் இருந்தவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறந்தது. கையிலும் கண்ணிலும் மட்டும் அறிவை வைத்திருந்த நாவிதருக்கும் மருத்துவச்சிக்கும் திறக்கவில்லை. 1926இல் செவிலியர், பேறுகாலத் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் இல்லாத மருத்துவச்சி மெல்ல மெல்ல ‘படிக்காத கிழவி’ ஆனாள். 2018 ஏப்ரலில் கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே நாம் உணர்ச்சிவசப்படக் கூடாது. சான்றிதழ் நம் எதிரி இல்லை. ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு வேண்டியது மருத்துவமனையும் ரத்தமும்தான், பாரம்பரியம் அல்ல. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் நிலை வந்தது பெரிய வெற்றி. அதில் அதிகம் பயன் அடைந்தவர்கள் நம் பெண்கள். மருத்துவச்சி வேலையும் பல ஊர்களில் விரும்பி எடுத்த வேலை கிடையாது. சாதி திணித்த வேலை அது. மறுத்தால் அடி விழும். அதைப் புனிதமாக்கி மறுபடியும் அந்த வேலைக்குள் யாரையும் தள்ளுவது நம் நோக்கமாக இருக்க முடியாது.

கேள்வி வேறு. பரம்பரை என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணின் கை சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டது. அதே பரம்பரை என்ற சொல்லை ஒரு நிறுவனம் தன் பக்கத்தின் தலைப்பில் போட்டுப் பணம் பார்க்கிறது. சட்டத்தில் ஒதுக்கப்பட்ட பரம்பரை, சந்தையில் மட்டும் எப்படித் தூய்மை அடைந்தது? இடையில் நடந்தது ஒன்றுதான்: ஆளை எடுத்துவிட்டு ரிஷியை வைத்தார்கள்.

பாட்டியை எழுதலாமா?

இது எல்லாம் பழைய கதை என்று நினைக்கும் தோழர்களுக்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வந்து படித்த ஒரு பெண், சித்த மருத்துவத்தில் பட்டம் பெற்றுச் சிறிய சிகிச்சை மையம் தொடங்கினாள். இணையதளம் செய்து கொடுத்தவர் ‘எங்களைப் பற்றி’ பகுதியை ஆயத்தமாக எழுதி அனுப்பிவிட்டார். ரிஷிகள், ஐயாயிரம் ஆண்டு, குருகுலம், எல்லாம் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, எங்க பாட்டிதான் எங்க ஊர் மருத்துவச்சி. அவங்கள எழுதணும்னு ஆசையா இருக்கு. ஆனா எழுதுனா நாங்க யாருன்னு தெரிஞ்சிரும். அப்புறம் ஆள் வருவாங்களா?”

இதற்கு வீரமான பதில் சொல்வது எளிது. வாடகையும் கடனும் அவள் கட்ட வேண்டியவை. சாதியை வெளியே சொல்லும்படி யாரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது, இயக்கத்துக்கும் அந்த உரிமை இல்லை. சொல்லாமல் இருப்பது தற்காப்பு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் பொய் முன்னோரை வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. பாட்டியை எழுதாவிட்டால் ஓர் இடம் காலியாக இருக்கும், என்றாவது எழுதலாம். அங்கே ரிஷியை உட்கார வைத்துவிட்டால் பாட்டி திரும்பி வர இடமே இல்லை.

ஒரு வாரம் யோசித்து அவளே எழுதினாள். அவள் அனுமதியோடு, அடையாளங்களை நீக்கித் தருகிறேன்:

“நான் சித்த மருத்துவப் பட்டதாரி. என் பாட்டி எங்கள் ஊர் மருத்துவச்சி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்ப்பதையும் வேது பிடிப்பதையும் அவரிடம்தான் முதலில் பார்த்தேன். எதை எப்போது செய்யக் கூடாது என்பதைக் கல்லூரியில் கற்றேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். என்னால் முடியாததை அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன். யார் வந்தாலும் ஒரே கட்டில், ஒரே எண்ணெய், ஒரே கட்டணம்.”

பாட்டியின் பெயரும் அங்கே இருக்கிறது. சாதியை அவள் எழுதவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குப் பெயரைப் பார்த்தாலே தெரியும். கூட்டம் குவிந்துவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வருகிறவர்கள் யாரிடம் வருகிறோம் என்று தெரிந்து வருகிறார்கள்.

நீங்களும் நாளை இப்படி ஒரு பக்கம் எழுத நேரலாம். வடிவமைப்பு வேலைக்குப் போவீர்கள், உள்ளடக்கம் எழுதும் வேலைக்குப் போவீர்கள், நண்பரின் மையத்துக்கு உதவுவீர்கள். அப்போது சிலவற்றைப் பாருங்கள். ‘நாங்கள்’ என்று எழுதினால் அந்த நாங்களுக்குள் எண்ணெய் தேய்க்கும் பணியாளர் இருக்கிறாரா? கற்றுக் கொடுத்தவர்களில் பட்டம் இல்லாதவரின் பெயர் உண்டா? ஐயாயிரம் என்று எழுதும் முன், ஐம்பது ஆண்டுக்காவது சான்று கையில் இருக்கிறதா? நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அதை முதலாளியிடம் சொல்லும் துணிவு இருக்கிறதா? யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற ஒரு வரியை அந்தப் பக்கத்தில் எழுத முடியுமா, எழுதினால் அது அங்கே உண்மையா?

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ வயதான மருத்துவச்சி ஒருவர் இருக்கலாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட நாவிதர் ஒருவர் இருக்கலாம். பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுத்த இருளர் ஒருவர் இருக்கலாம். அவர்கள் செய்தது எல்லாம் சரி என்று நிரூபிக்க நீங்கள் போக வேண்டாம். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் ஊசிதான் மருந்து, அதில் சந்தேகம் வேண்டாம். அவர்கள் என்ன செய்தார்கள், யாரிடம் கற்றார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், எந்த வாசல் வழியாகப் போனார்கள், என்ன கூலி கிடைத்தது, மறுத்தால் என்ன நடந்தது என்று கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

புனேயில் அந்த அறுவையைப் பார்த்தவர்கள் நெற்றித் தோலை எப்படி வெட்டினார், எதை வைத்து ஒட்டினார், எத்தனை நாளில் ஆறியது என்று எல்லாவற்றையும் நுணுக்கமாகக் குறித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு விவரத்தை மட்டும் எழுதாமல் விட்டார்கள். நீங்கள் போகும்போது அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்: “பாட்டி, உங்க பேர் என்ன?”